ஆயிரக்கணக்கான எபிசோடுகளுக்கு எப்படி மார்க் போடுகிறார்கள்?

அடுத்த கேள்வி. "அமெரிக்காவில் பகல் நேர சீரியல்களுக்கு டேடைம் எம்மி விருது தருகிறார்களே, நடுவர்கள் எல்லா எபிசோடையும் பார்ப்பார்களா? நடிகை சூசன் லூச்சி ஏன் அத்தனை முறை தோற்றார்?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

எல்லாவற்றையும் பார்க்க வழியே இல்லை. 'ஜெனரல் ஹாஸ்பிடல்' சீரியல் 1963 ஏப்ரலில் ஆரம்பித்தது. 2022-லேயே 15,000 எபிசோடைத் தொட்டுவிட்டது. அதனால் விருது அந்தந்த வருஷத்து வேலைக்குத்தான். அதிலும் தயாரிப்பாளர்கள் பொறுக்கி அனுப்பும் சில எபிசோடுகள்தான் நடுவர்கள் கைக்குப் போகும். நடிகர்களும் அப்படித்தான், தங்கள் காட்சிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். எதை அனுப்புகிறோம் என்பதிலேயே பாதி போட்டி முடிந்துவிடும்.

சரி, லூச்சி விஷயத்துக்கு வருவோம். 'ஆல் மை சில்ட்ரன்' சீரியல் 1970 ஜனவரியில் தொடங்கியபோதே எரிக்கா கேன் என்ற பாத்திரத்தில் வந்தவர் அவர். 1978-ல் முதல் முறை பரிந்துரை. அதிலிருந்து 18 முறை பெயர் வந்தது, 18 முறையும் விருது வேறு யாருக்கோ போனது. இத்தனைக்கும் அமெரிக்கப் பகல் நேர டிவியில் அவரைவிடப் பிரபலமான நடிகையைச் சொல்வது கஷ்டம். அவர் நடிப்பில் குறை என்று நான் நினைக்கவில்லை. ஒரு பாத்திரத்தை வருஷக்கணக்காக, தினமும், ஒத்திகைக்குக்கூட சரியாக நேரமில்லாமல், கட்டுக்கட்டாக வசனம் மனப்பாடம் செய்து, அலுக்காமல் காப்பாற்றுவது தனித் திறமை. ஒன்றிரண்டு எபிசோடில் அது கண்ணில் படாது. தினமும் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

1999 மே மாதம் நியூயார்க்கில் விழா. நடிகர் ஷெமார் மூர் உறையைப் பிரித்தார். பெயரைச் சொல்வதற்கு முன்பே, தோல்வி வரிசை முடிந்தது என்று அறிவித்தார். அவ்வளவுதான், அரங்கமே எழுந்து நின்றது. லூச்சி மேடைக்கு வந்த பிறகும் பல நிமிஷம் கைதட்டல் ஓயவில்லை, அவரால் பேச்சையே தொடங்க முடியவில்லை. போட்டியில் இருந்த மற்ற சீரியல்காரர்களும் கண்ணீரோடு கைதட்டினார்கள். அந்த வீடியோவை எப்போது பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அப்புறம் இன்னொன்று. அந்த சீரியல் 2011-ல் ஏபிசி சேனலில் முடியும்வரை எரிக்கா கேன் அவரேதான். 2023 டிசம்பரில் அவருக்கு டேடைம் எம்மியின் வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுத்தார்கள். அதற்கு எபிசோடு எதுவும் அனுப்ப வேண்டியதில்லை. மேடையில் அதை எடுத்துக் கொடுத்தவரும் அதே ஷெமார் மூர்தான்.