மழையில் துணி எங்கே காயும்?

வணக்கம். மூணாறிலிருந்து பேசுகிறேன், எங்கள் எஸ்டேட் லயத்து வீடு இது. பின்னால் கேட்பது தகரத்தில் விழும் மழை. ஜூனில் பிடித்தால் ஆகஸ்ட் வரை இப்படித்தான். இன்றைய பேச்சும் இந்த மழையில் மாதவிடாய் நாட்களைச் சமாளிப்பது பற்றித்தான்.

நான் வயதுக்கு வந்தபோது மாமா சீர் கொண்டுவந்தார், உளுந்தங்களி கிண்டினார்கள். ஏன் ரத்தம் வருகிறது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. பள்ளிக்கு வந்து சொன்னவர்களும் மலையாளத்தில் சொன்னார்கள். ஆர்த்தவம், கர்ப்பபாத்ரம், அண்டாசயம். தமிழ் மீடியத்துப் பிள்ளைகள் நாங்கள் தலையை மட்டும் ஆட்டினோம். மாதவிடாய், கர்ப்பப்பை, சினைப்பை, அவ்வளவுதான் தங்கச்சிகளா. புரியாவிட்டால் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

அம்மா பழைய பருத்திச் சேலையைக் கிழித்துக் கொடுத்தார். துவைத்து, யார் கண்ணிலும் படாமல் பாவாடைக்கு அடியில் போட்டு வைப்பேன். மழையில் அது எங்கே காயும்? அடுத்த மாதம் அந்த ஈரத்தையே வைத்துக்கொண்டேன். தொடை இடுக்கெல்லாம் அரிப்பு, நடக்கவே முடியவில்லை. தீட்டுத் தோஷம் என்று பயந்து வெளியே சொல்லவில்லை. எங்கள் ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சிதான் கண்டுபிடித்தார். தோஷமெல்லாம் இல்லை, ஈரத்தில் வளரும் பூஞ்சை.

துணி வைப்பது தப்பே இல்லை. சோப்புப் போட்டு அலசி, வெயிலில் விரித்துக் காயவைக்க வேண்டும். வெயில் இல்லையா, ஈரம் துளியும் இல்லாமல் இரண்டு பக்கமும் சூடாக இஸ்திரி போடுங்கள். அதுவும் முடியாதென்றால் இந்த மூன்று மாதமாவது பேட் வாங்குங்கள். எதுவானாலும் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். கொழுந்துக்காட்டில் நிற்கும் அம்மாக்களுக்கு மாற்ற ஒரு மறைவிடம்கூட இல்லை, அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவே ஆறாது.

கழுவும்போது வெளிப்பக்கம் மட்டும் தண்ணீர் போதும். உள்ளே சோப்பு, டெட்டால் எதுவும் வேண்டாம். கொஞ்சம் வெள்ளைபடுவது எல்லாருக்கும் உள்ளதுதான். திரிந்த தயிர்போலக் கட்டிகட்டியாக வந்தாலோ, நாற்றமோ அரிப்போ இருந்தாலோ டாக்டரைப் பாருங்கள்.

முதல் இரண்டு வருஷம் நாள் முன்பின்னாகப் போகலாம். உங்கள் வயதில் 21 நாளிலிருந்து 45 நாளுக்கு ஒருமுறை வந்தால் சரிதான். ஏழு நாளுக்கு மேல் ரத்தம் போனாலோ, மணிக்கொரு பேட் நனைந்தாலோ காத்திருக்காதீர்கள். பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல மாத்திரை இரும்புச்சத்துக்கு. சாப்பிட்டபின் போடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயந்து ஜன்னல் வழியே வீசிவிடாதீர்கள்.

அப்புறம் கப், அதாவது ரத்தத்தைப் பிடிக்க உள்ளே வைக்கும் மாதவிடாய்க் கப். எர்ணாகுளம் பக்கம் கும்பளங்கி ஊராட்சியில் பெண்களுக்குக் கப் கொடுத்து, 2022-ல் நாப்கின் இல்லாத ஊராட்சி என்றே அறிவித்தார்கள். கப்பைச் சுத்தம் செய்ய வெயில் தேவையில்லை, கொதிக்கும் தண்ணீர் போதும். எங்கள் மலைக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பேன். எப்படி வைப்பது என்று சேச்சியை உட்காரவைத்து அடுத்த வீடியோவில் கேட்கிறேன், தமிழிலேயே.