இலவசம்னப்போ தயங்கினாங்க, காசு கேட்டப்போ குவிஞ்சாங்க! | தருமபுரி சொட்டுநீர் மானியக் கதை

(திரையில்: செம்மண் நிலம், மேட்டுப்பாத்தி, அது மேல நீளமா ஓடுற கறுப்புக் குழாய்)

வணக்கம் மக்களே! உங்க நிலத்துல ரெண்டரை ஏக்கருக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டுத் தரோம், சாகுபடிச் செலவுக்கும் பணம் தரோம், விஞ்ஞானிங்களை வயலுக்கே அனுப்புறோம், நீங்க பத்துக்காசு தர வேணாம்னு சொன்னா என்ன பண்ணுவீங்க? "கையெழுத்து எங்க போடணும்?"னு தானே கேப்பீங்க?

இதே தருமபுரி, கிருஷ்ணகிரியில 2004-ல இப்படிக் கூப்பிட்டாங்க. நம்ம ஆளுங்க யோசிச்சாங்க, தயங்கினாங்க. அடுத்த வருஷம் "இனிமே முழுசா இலவசம் இல்ல, ஒரு பங்கு நீங்க போடணும்"னு சொன்னாங்க பாருங்க, அப்பதான் பேரு கொடுக்கக் கூட்டம் வந்துச்சு! ஏன்னு பார்க்கத்தான் இந்த வீடியோ. சப்ஸ்கிரைப் பண்ணாதவங்க பண்ணிட்டு வாங்க, இது மட்டும் முழுக்க இலவசம்.

முதல்ல அடிப்படை, ஒரே மூச்சுல சொல்லிடறேன். நிலத்தையும் தண்ணியையும் காப்பாத்துற வேலைக்கு ஆகுற செலவை அரசாங்கமும் விவசாயியும் பங்கு போட்டுக்கறது உலகம் பூரா இருக்கு. அமெரிக்காவுல ஈக்விப்னு ஒரு திட்டம், 1996 பண்ணைச் சட்டத்துல வந்தது. செலவுல பொதுவா 75 சதவீதம் வரைக்கும் தருவாங்க. புதுசா விவசாயத்துக்கு வந்தவங்க, வசதி குறைஞ்சவங்களுக்கு 90 வரைக்கும் போகும். அவ்ளோதான் பாடம், கதைக்கு வாங்க.

அந்தத் திட்டத்துக்குப் பேரு தமிழ்நாடு துல்லியப் பண்ணையத் திட்டம், அதாவது தண்ணியையும் உரத்தையும் அளவா வேருக்கே கொடுத்து விவசாயம் பண்றது. 2004-05-ல இருந்து மூணு வருஷம், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடத்துச்சு. 400 ஹெக்டேர், 7 கோடியே 20 லட்சம் ரூபாய். முதல் வருஷம் 100 ஹெக்டேர், ரெண்டாவது வருஷம் 200, மூணாவது வருஷம் 100. ஒரு ஹெக்டேருக்குச் சொட்டுநீர் அமைக்க 75,000 ரூபாய், சாகுபடிக்கு 40,000 ரூபாய். இப்ப ருசியான இடத்தைக் கவனிங்க: மானியம் முதல் வருஷம் 100 சதவீதம், ரெண்டாவது வருஷம் 90, மூணாவது வருஷம் 80. வருஷா வருஷம் அரசாங்கம் கையைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்குது!

அந்த நேரத்துல ஊரு எப்படி இருந்துச்சுன்னு பெரியவங்களைக் கேளுங்க. 2002-ல இருந்து வறட்சி. கிணத்துல தண்ணி இல்ல, போரு போட்ட கடன் தலைக்கு மேல. அந்த நேரத்துல ஒருத்தர் வந்து "உங்க நிலத்தை நாங்க சொல்ற மாதிரி பண்ணுங்க"ன்னா எவனுக்கு நம்பிக்கை வரும்? பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு சொல்லுவாங்கல்ல, அரசாங்கம் கூப்பிட்டது பந்திக்கு, நம்ம ஆளுங்க கண்ணுக்கு அது படையாத் தெரிஞ்சுது. நான் தப்பு சொல்ல மாட்டேன். "சும்மா தரோம்"னு யாராவது வந்தா, பின்னாடி என்ன இருக்குன்னு பார்க்குறவன்தான் விவசாயி.

அப்புறம் என்ன மாறிச்சு? நோட்டீஸ் மாறல, பக்கத்து வயல் மாறிச்சு. முதல்ல துணிஞ்சு இறங்கினவங்களோட காயும் பழமும் சந்தைக்குப் போச்சு, நல்ல விலை கிடைச்சுது. வரப்புல நின்னு அதைப் பார்த்தவங்க, பத்துல ஒரு பங்கு கைக்காசு போட்டாலும் பரவால்லன்னு வந்தாங்க. அதுக்கடுத்த வருஷம் பத்துல ரெண்டு பங்குன்னாலும் வந்தாங்க. ஒரு லட்சம் துண்டுச்சீட்டு பண்ணாத வேலையை ஒரு தக்காளிக்காடு பண்ணும், இது என் கருத்து. மறுக்கறவங்க கமெண்ட்ல சண்டைக்கு வாங்க, எனக்கும் வியூஸ் ஏறும்.

இன்னொரு சங்கதி, எனக்கு ரொம்பப் பிடிச்சது. குழாயைப் போட்டுட்டுப் பல்கலைக்கழகத்துக்காரங்க கிளம்பிடல. முதல் வேலையே உளிக்கலப்பை. வருஷக்கணக்கா ஒரே ஆழத்துல உழுது உழுது, மேல் மண்ணுக்குக் கீழ ஒரு கெட்டித் தளம் உருவாகியிருக்கும். வேரும் இறங்காது, தண்ணியும் இறங்காது. உளிக்கலப்பை மண்ணைப் புரட்டாம, ஆழமாக் கீறி அந்தத் தளத்தை உடைக்கும். நாத்தை நிழல்வலைக் குடில்ல, தென்னை நார்க்கழிவு நிரப்பின குழித்தட்டுல வளர்த்தாங்க. தண்ணியில கரையுற உரத்தைச் சொட்டுநீர் வழியாவே வேருக்குக் கொடுத்தாங்க. முதல் பயிர் வரைக்கும் விஞ்ஞானிங்க கூடவே நின்னாங்க. அதுக்கப்புறம் விவசாயிங்களே பார்த்துக்கிட்டாங்க, சங்கமாச் சேர்ந்து இடுபொருளுக்குப் பேரம் பேசினாங்க. பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் இன்னிக்குக் குழித்தட்டு நாத்து வாங்குறது சர்வசாதாரணம். அன்னிக்கு அது அதிசயம்.

சரி, இன்னிக்கு நிலவரம் என்ன?

தமிழ்நாட்டுல சிறு, குறு விவசாயிகளுக்கு, அதாவது 5 ஏக்கருக்குள்ள இருக்கறவங்களுக்கு, சொட்டுநீர் மானியம் 100 சதவீதம். மத்தவங்களுக்கு 75. இதுல மத்திய அரசு பணமும் இருக்கு, ஆனா மத்திய வழிகாட்டுதல்படி சிறு, குறு விவசாயிக்கு 55 சதவீதம், மத்தவங்களுக்கு 45 தான். மீதியை மாநில அரசு கூடுதலாப் போட்டு 100-க்கும் 75-க்கும் கொண்டு வருது.

இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. 100 சதவீதம்னா நீங்க கேக்குற எல்லாத்துக்கும் 100 இல்ல. அரசு வெச்சிருக்கற அலகு விலைக்குத்தான், அதாவது இவ்வளவு நிலத்துக்கு இவ்வளவு செலவுன்னு அரசே கட்டி வெச்ச கணக்கு. அந்த விலையும் பயிர் இடைவெளியைப் பொறுத்து மாறும். மாந்தோப்புல மரத்துக்கு மரம் தள்ளி நிக்கும், குழாய் கம்மி. தக்காளிக்கும் சாமந்திக்கும் நெருக்கி ஓட்டணும், குழாய் அதிகம். அதனால ஏக்கர் கணக்கை மட்டும் வெச்சு "அவனுக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு"ன்னு பக்கத்துக் காட்டுக்காரர்கிட்ட மல்லுக்கு நிக்காதீங்க, அண்ணே.

மோட்டார் இதுல வராது. அதுக்குத் துணைநிலை நீர் மேலாண்மைன்னு தனியா இருக்கு. மோட்டாருக்குப் பாதி விலை, 15,000 ரூபாய்க்கு மிகாம. தண்ணி கொண்டு போற குழாய்க்குப் பாதி, ஹெக்டேருக்கு 10,000-க்கு மிகாம. ஆனா சொட்டுநீர் அல்லது தெளிப்புநீர் அமைக்கறவங்களுக்குத்தான்.

காகிதம்: சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், தாசில்தார் தர்ற சிறு குறு விவசாயி சான்று. பழம், காய், பூன்னா தோட்டக்கலைத் துறை. கரும்பு, நிலக்கடலைன்னா வேளாண்மைத் துறை. பதிவு பண்ணி, நிலத்தைப் பார்த்து, வேலை உத்தரவு வந்த பிறகுதான் குழாய் இறங்கணும். அவசரப்பட்டு நீங்களே கடையில வாங்கிப் போட்டுட்டு ரசீதோட போனா வேலைக்காகாது.

இதே நிலத்துக்கு மறுபடி மானியம் வேணும்னா 7 வருஷம் காத்திருக்கணும். நம்ம ஊரு போர் தண்ணியில குழாய் 7 வருஷம் தாங்குறது ரொம்பப் பெருசு!

(திரையில்: குழாயோட கடைசி முனை, கிட்டத்துல)

இதைப் பாருங்க. குழாய் முனையில இருக்கற மூடியைக் கழட்டுறோம், மோட்டாரைப் போடுறோம். முதல்ல கலங்கலா வருது, அப்புறம் வெள்ளை வெள்ளையாச் செதில். தண்ணியில இருக்கற சுண்ணாம்பு உப்பு. இது சொட்டுவான், அதாவது குழாயில தண்ணி சொட்டுற துளை, அதோட வாயில உட்கார்ந்தா அடைப்புதான். செடி வாடும், "சொட்டுநீரே மோசம்"னு ஆளு குழாயைச் சுருட்டி வேலி மேல போட்டுடுவாரு. வாராவாரம் முனையைத் திறந்து விடுங்க, வடிகட்டிச் சல்லடையைக் கழட்டிப் பிரஷ் போட்டுத் தேயுங்க. அடைப்பு மீறிப் போச்சுன்னா அமிலம் விட்டுக் கழுவலாம். அதை நிறுவனத்து ஆளை வெச்சுப் பண்ணுங்க, யூட்டியூப் பார்த்துப் பண்ணாதீங்க. என் வீடியோவையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

கூட்டுப் பட்டாவுல இருக்கற அண்ணன் தம்பிங்க விண்ணப்பிச்சு வாங்கியிருந்தா, யார் யார் கையெழுத்து கேட்டாங்கன்னு கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோ பண்ணைக்குட்டை, அதுல இந்தக் கேள்வியில இருந்துதான் ஆரம்பிக்கப் போறேன்.