உங்கள் இசட் டிரைவ் எந்த ஊர்?

(திரையில்: வேலூர் சைதாப்பேட்டை, சென்னை சைதாப்பேட்டை; இரண்டு வரைபடங்கள் அருகருகே)

வணக்கம். வேலூர்க்காரர் ஒருவர் "சைதாப்பேட்டைக்கு வந்துடுங்க" என்று போனில் சொன்னால், சென்னைக்காரர் கிண்டி பக்கம் வண்டியைத் திருப்பிவிடுவார். பெயர் ஒன்று, இடம் இரண்டு. ஆபீஸ் நெட்வொர்க்கில் இசட் டிரைவும் இப்படித்தான். என் மெஷினில் இசட் என்றால் சர்வர் ஃபோல்டர். பக்கத்து மேசையில் அது வேறு எதுவாகவும் இருக்கலாம். ஒரே மெஷினில்கூட, ப்ரோக்ராமை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் இப்படி எழுத்து கொடுத்து இணைத்த, அதாவது மேப் செய்த டிரைவ் தெரியாமல் போவதுண்டு.

ஆம்பூரில் ஒரு ஷூ யூனிட்டுக்கு, மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸ் ப்ரோக்ராமான ஆக்சஸில் பில்லிங் எழுதிக் கொடுத்திருந்தேன். ஐந்து கம்ப்யூட்டர். டேட்டா சர்வரில், ஃபார்மும் ரிப்போர்ட்டும் அவரவர் மெஷினில். வரி போடுவது, தொகையை எழுத்தில் மாற்றுவது மாதிரியான பொதுக் கோடை மட்டும் தனி லைப்ரரி ஃபைலாக்கி, இசட் டிரைவில் வைத்தேன். ஓரிடத்தில் திருத்தினால் ஐந்து பேருக்கும் போய்ச் சேருமே என்ற நினைப்பு.

ஒரு நாள் கணக்குப் பார்க்கும் அக்காவிடமிருந்து போன். "தம்பி, பில்லே போட முடியலை. டேட்டுனு ஒரு வார்த்தையைக் காட்டி நின்னுடுது."

(திரையில்: 'கான்ட் ஃபைண்ட் ப்ராஜெக்ட் ஆர் லைப்ரரி' என்ற பிழைச் செய்தி, பின்னால் 'டேட்' என்ற சொல் தேர்வாகி நிற்கிறது)

டேட் என்பது ஆக்சஸின் கோட் மொழியான விபிஏவோடு கூடவே வரும் ஃபங்ஷன். அது எப்படிக் காணாமல் போகும்? விண்டோஸ் தேதி அமைப்பைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன், ஆபீஸையே மறுபடி இன்ஸ்டால் செய்தேன். அரை நாள் போச்சு. உண்மையில் டேட் மேல் ஒரு குற்றமும் இல்லை. எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்று குறித்து வைத்திருக்கும் ரெஃபரன்ஸ் பட்டியலில் ஒரே ஒரு ஃபைல் கிடைக்காவிட்டாலும் போதும், விபிஏ பெயர்களைத் தேடும்போது தடுக்கி விழுந்து, டேட், லெஃப்ட், டிரிம் என்று கையில் அகப்பட்ட அப்பாவியைக் காட்டிக்கொடுக்கும்.

(திரையில்: விபிஏ எடிட்டரில் டூல்ஸ் மெனு, ரெஃபரன்சஸ், ஒரு வரியின் முன்னால் 'மிஸ்ஸிங்')

இங்கேதான் முதலில் வந்திருக்க வேண்டும். ஹார்டுவேர் பார்க்க வந்தவர் இரண்டு மெஷின்களில் இசட்டுக்குப் பதில் ஒய் என்று மேப் செய்துவிட்டுப் போயிருந்தார். டேபிள்களை நான் சர்வர் பெயரிலேயே இணைத்திருந்ததால் டேட்டா ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அதனால் நெட்வொர்க் மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

சரி, இரண்டு மெஷின் என்றேனே. இரண்டாவது டெஸ்பாட்ச் மேசையில் இருந்தது. அது பிழையே காட்டவில்லை, பில்லும் அழகாகப் போட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு முன் 1,000 ரூபாயைத் தாண்டினாலே 18. லைப்ரரியில் அதைத் திருத்தியிருந்தேன். ஆனாலும் அந்த மேசையில் 1,200 ரூபாய் ஷூவுக்கு 60 ரூபாய்க்குப் பதில் 216 ரூபாய் வரி விழுந்தது. கடைக்காரர் திருப்பிக் கேட்கும்வரை எங்கள் யாருக்கும் தெரியாது.

(திரையில்: ஒரே ஷூ, இரண்டு பில், மொத்தம் 1,260 ஒன்றில், 1,416 மற்றொன்றில்)

காரணம் நான்தான். சொன்ன இடத்தில் லைப்ரரி இல்லையென்றால் ஆக்சஸ் சும்மா இருக்காது. அதே பெயரில் ஃபைல் இருக்கிறதா என்று வேறு சில இடங்களிலும் தேடும். முன்பு எப்போதோ சோதித்துப் பார்க்க, அந்த மெஷினில் பில்லிங் ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலேயே ஒரு பழைய காப்பியைப் போட்டு மறந்திருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டது. அக்காவின் மெஷின் கத்தியதால் மாட்டியது. இது வாயே திறக்கவில்லை.

ரெஃபரன்சஸ் பெட்டியின் அடியில் பாதை தெரியும், ஆனால் நீளமாக இருந்தால் வெட்டிக் காட்டும். அதை நம்பாதீர்கள். கன்ட்ரோல் ஜி அழுத்தினால் வரும் இமீடியட் விண்டோவில், ஒவ்வொரு ரெஃபரன்ஸின் ஃபுல்பாத்தையும், அதாவது முழுப் பாதையையும், திரையில் வரவழைத்து முழுதாகப் படியுங்கள்.

இசட்டுக்குப் பதில் சர்வர் பெயரைப் போட்டுவிடலாமே என்பீர்கள். விலாசக் குழப்பம் தீரும்தான். ஆனால் ஒருவர் திறந்து வைத்திருக்கும்வரை அந்த ஃபைலை மாற்ற முடியாது. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போகட்டும் என்று காத்திருந்த நாட்கள் உண்டு. அப்புறம் ஒரு பேட்ச் ஃபைல் எழுதினேன். டெஸ்க்டாப்பில் அதைத் தட்டினால், பில்லிங் ஃபைலையும் லைப்ரரியையும் சர்வரிலிருந்து சி டிரைவில் ஒரே ஃபோல்டருக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டுத் திறக்கும். ஐந்து மெஷினிலும் அதே பாதை. அந்த ஃபோல்டரை டிரஸ்டட் லொக்கேஷனில், அதாவது ஆக்சஸ் நம்பும் இடங்களின் பட்டியலில் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் கோட் ஓடாது.

இன்னொன்று. டேட்டாபேஸைக் குறிக்க லைப்ரரிக்குள் கரன்ட்டிபி என்று எழுதினால், அது லைப்ரரியைக் கூப்பிட்ட பில்லிங் ஃபைலைத்தான் குறிக்கும். லைப்ரரியின் சொந்த டேபிள் வேண்டுமானால் கோட்டிபி.

(திரையில்: பில்லிங் முகப்பு ஃபார்ம், வலது மூலையில் சிறிய எழுத்தில் ஒரு எண்)

அந்த எண் லைப்ரரிக்குள் இருக்கும் ஒரு சின்ன ஃபங்ஷனிலிருந்து வருகிறது. லைப்ரரியைத் திருத்தும்போதெல்லாம் எண்ணையும் மாற்றிவிடுவேன். இப்போது அக்கா போன் செய்தால், "தம்பி, மூலையில 14-னு இருக்கு, டெஸ்பாட்ச்ல 13-னு இருக்கு" என்றுதான் ஆரம்பிக்கிறார்.