‘நார்க்’ என்றொரு வசவு

தலைவர் அவர்களே, வெளியூர்ப் பயணத்தைத் தள்ளி வைத்துவிட்டு வந்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, இத்தனை அன்போடு சால்வை போர்த்திய வர்த்தகர் சங்கத்து ஐயா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

ஒரு சொல் பிறந்த இடம், அதன் அர்த்தங்கள், அப்புறம் அதற்கு ஈடான நம் தமிழ்ச் சொற்கள் என்று மூன்று விஷயம் பேச வந்தேன். சொல் ‘நார்க்’. இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து புழங்குகிறது. போலீசுக்குத் துப்புச் சொல்கிறவன் நார்க். எரிச்சல்படுத்துவதற்கும் அங்கே அதே சொல்தான், கடுப்பில் இருப்பவனை ‘நார்க்ட்’ என்பார்கள். ரோமானி மொழியில் மூக்கைக் குறிக்கும் ‘நாக்’ என்ற சொல்தான் மூலமாக இருக்கலாம் என்று அகராதிகள் சொல்கின்றன. இந்தியிலும் மூக்கு ‘நாக்’தான். நாமும் ‘மூக்கை நுழைக்காதே’ என்கிறோம் இல்லையா!

துப்புச் சொல்வதும் தொல்லை கொடுப்பதும் எப்படி ஒரே சொல்லுக்குள் வந்தன? யதார்த்தவாதி வெகுஜன விரோதி, அதுதான் காரணம் என்பேன்.

எங்கள் தெருவில் ஓர் அத்தை இருந்தார். ரேஷனில் வாங்கிய 2 கிலோ சர்க்கரையை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தார், 1,800 கிராம். அடுத்த மாதமும் அதே. அவருக்கு எழுதத் தெரியாது, எட்டாம் வகுப்புப் படித்த என்னை உட்கார வைத்து மனு எழுதினார், தாலுகா ஆபீசுக்கு நான்கு நடை நடந்தார். ஒருநாள் திடீர் சோதனை, தராசு மாறியது, எல்லார் வீட்டுக்கும் சர்க்கரை முழு எடையில் வந்தது. அத்தைக்கு என்ன கிடைத்தது? ‘போட்டுக் கொடுத்தவள்’ என்ற பட்டம்! அந்தக் கடையில் கார்டு இல்லாதவர்களுக்கும் மண்ணெண்ணெய் கிடைத்துக்கொண்டிருந்தது, அது நின்றுபோன கோபம். குழாயடியில் அவர் குடத்தை வைத்தால் பேச்சு நின்றுவிடும். முழு எடைச் சர்க்கரை போட்டுக் காப்பி குடித்துக்கொண்டே திட்டினார்கள். யதார்த்தவாதி வெகுஜன விரோதி!

அத்தைக்கு வசவோடு போயிற்று. தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தன் பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லியும் அது வெளியே போனது. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஊழலை அம்பலப்படுத்துவோரைக் காக்கும் சட்டம் 2014-இல் நிறைவேறியது, அமலுக்குக் கொண்டுவரும் அறிவிக்கைதான் இன்னும் வரவில்லை.

தமிழ்ச் சொற்கள் பாக்கி இருக்கின்றன, வத்தி வைப்பது, கோள் மூட்டுவது என்று நிறைய உண்டு. தலைவர் மணி பார்க்கிறார். சரி, அந்த அறிவிக்கையைக் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடியுங்கள். பேனா இரண்டுதான், பெரியவர்களை முதலில் விடுங்கள்.