ஏழு வயதுக் கார்

வணக்கம் நேயர்களே. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருக்கிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியர். மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் வாங்கிய ஒரு காரைப் பற்றிப் பேசத்தான் அழைத்திருக்கிறார்கள்.

ஜெர்மன் வண்டி. எஸ்யூவி வகையில் சிறியது. புதிதாக இருந்தபோது 2 லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் விற்றது. ஏழு வருஷம் ஓடிய பிறகு 90,000 வெள்ளிக்கு என் கைக்கு வந்தது. அந்த விலை வீழ்ச்சிதான் நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களை இந்த வண்டிகள் பக்கம் இழுக்கிறது.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. என் அம்மா முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். முழங்கால் தேய்ந்துவிட்டது. பழைய காரில் அவரை உட்காரவைக்க ஒருவர் தலையைப் பிடிக்க வேண்டும், ஒருவர் காலைத் தூக்கி வைக்க வேண்டும். இந்த வண்டியின் இருக்கை அவர் இடுப்பு உயரத்துக்கு இருக்கிறது. முதுகைக் காட்டி உட்கார்ந்து, அப்படியே திரும்பிக்கொள்வார். மாதம் ஒருமுறை ஈப்போ மருத்துவமனைக்குப் போகும்போது யார் கையும் அவருக்குத் தேவைப்படுவதில்லை. அதற்காகவே இந்தக் காரை நான் நேசிக்கிறேன்.

முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் வருஷம் ரேடியேட்டர் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. இந்த வகை இன்ஜின்களில் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் கூடு, தண்ணீர்த் தொட்டி, குழாய் இணைப்புகள் பலவும் பிளாஸ்டிக். தினமும் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஏழெட்டு வருஷத்தில் அது இறுகி விரிசல் விட்டுவிடும். நம் ஊர் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. தண்ணீர் பம்போடு எல்லாவற்றையும் மாற்ற 2,800 வெள்ளி ஆனது. நம் ஊர்ப் போமன், அதாவது மெக்கானிக், நல்ல கைகாரர். ஆனால் இந்த வண்டியின் கணினியைப் படிக்கும் கருவி அவரிடம் இல்லை. பேட்டரி மாற்றினால்கூட அதை வண்டியின் கணினியில் பதிய வேண்டியிருக்கிறது. ஆகையால் எல்லாவற்றுக்கும் ஈப்போதான்.

அடுத்து எலி. செம்பனை (எண்ணெய்ப் பனை) இருக்கும் இடத்தில் எலி இல்லாமல் இருக்காது. அதற்காகத்தானே தோட்டங்களில் கம்பம் நட்டு ஆந்தைக்குப் பெட்டி வைக்கிறார்கள். இரவில் இன்ஜின் சூட்டுக்கு வந்து படுத்த எலி ஒரு சென்சார் வயரைக் கடித்துவிட்டது. காலையில் எவ்வளவு மிதித்தாலும் வண்டி வேகம் எடுக்கவில்லை. இப்போது ராத்திரியில் வண்டியை நிறுத்தியதும் முன்மூடியைத் திறந்து வைத்துவிடுகிறேன். வெளிச்சமும் காற்றும் பட்டால் எலி தங்குவதில்லை என்று அம்மா சொன்னார். அதற்குப் பிறகு வரவில்லை.

டயர் விஷயம் தெரியாமலேயே பலர் வாங்குகிறார்கள். இந்த வண்டிகள் பலவற்றில் மாற்றுச் சக்கரம் கிடையாது. ரன்-ஃபிளாட் என்று ஒரு டயர் போட்டிருப்பார்கள். காற்று போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் போகலாம். ராத்திரி நேரத்தில் அது பெரிய தைரியம். ஆனால் பக்கச் சுவர் கட்டை மாதிரி இறுக்கம். லோரிகள் உடைத்துப்போட்ட தோட்டச் சாலையில் ஒவ்வொரு குழியும் அம்மாவின் முதுகில் விழுந்தது. நான் சாதாரண டயருக்கு மாறிவிட்டேன். ஒரு சின்னக் காற்றுப் பம்பும் ஒட்டுச் சாமானும் பின்னால் இருக்கின்றன.

சாலை வரியைப் பெரிதாகப் பேசுவார்கள். என் 2 லிட்டர் வண்டிக்கு 400 வெள்ளிக்குள்தான். 1.5 லிட்டர் உள்ளூர்க் கார் மைவிக்கு 90 வெள்ளி. வருஷத்துக்கு ஒருமுறை வரும் இந்த வித்தியாசம் யாரையும் கடனாளி ஆக்காது.

எங்கள் வட்டாரத்தில் இந்த வகை வண்டி வைத்திருக்கும் வேறு இருவரிடமும் கேட்டேன். ஓய்வுபெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் ஆறு வருஷமாக வைத்திருக்கிறார். வண்டியின் கணினி இன்னும் நாள் இருக்கிறது என்று காட்டினாலும் 10,000 கிலோமீட்டருக்கு எண்ணெய் மாற்றிவிடுவார். ஆயுளுக்கும் மாற்ற வேண்டியதில்லை என்று சொல்லப்படும் கியர் எண்ணெயையும் 60,000 கிலோமீட்டரில் மாற்றினார். வண்டி இன்னும் பட்டுப்போல ஓடுகிறது. இன்னொருவர் மருத்துவமனைத் தாதி. வாங்கிய பதினான்காம் மாதம் கியர் இழுத்து இழுத்து விழுந்தது. பழுது பார்க்க 14,000 வெள்ளி கேட்டார்கள். கையில் இல்லை. நஷ்டத்துக்கு விற்றார். மீதிக் கடன் மட்டும் இன்னும் அவர் தலையில் இருக்கிறது.

“புஸ்பாகோம் பாஸ் ஆன வண்டிதானே சார்” என்று அந்தத் தாதி என்னிடம் அழுதார். புஸ்பாகோம் வாகனச் சோதனை நிறுவனம். அங்கே செய்யும் பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனை முக்கியமாக வண்டியின் அடையாளத்தையும் இன்ஜின், சேசிஸ் எண்களையும் சரிபார்ப்பது. கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அது சொல்லாது. அதற்குத் தனியாகக் காசு கொடுத்து, இந்த வண்டிகளையே பார்க்கும் ஒரு பட்டறையில் கணினிச் சோதனை செய்ய வேண்டும். இன்ஜின் ஆறியிருக்கும்போது முதல் ஸ்டார்ட்டை நீங்களே கேட்க வேண்டும். சர்வீஸ் ரசீதுகளில் உள்ள மைலேஜ் ஒழுங்காக ஏறி வருகிறதா என்று பாருங்கள். ரசீதே இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

என் பழைய மாணவர்கள் சிலர் இப்போது இந்த வண்டிகளைத் தேடுகிறார்கள். அதுதான் எனக்குக் கவலை. காருக்குப் பத்து வயது, கடன் ஏழு வருஷம். கடைசித் தவணை கட்டும்போது காருக்குப் பதினேழு வயது. தவணை கட்டவே சம்பளம் சரியாக இருந்தால், 2,800 வெள்ளி எங்கிருந்து வரும்? தம்பி, தவணை போக மாதம் 300 வெள்ளி தனியே எடுத்துவைக்க முடியுமா என்று முதலில் கேட்டுக்கொள். முடியாதென்றால் இப்போது வேண்டாமப்பா.

1960-இல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்து, துண்டு துண்டாக விற்கப்படும் தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கலாம் என்றபோது, என் அப்பா மாதம் 10 வெள்ளி பங்குப் பணம் கட்டினார். சம்பளம் வந்ததும் முதலில் அந்தப் பத்து வெள்ளிதான் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போகும். அம்மா இன்னும் அந்த டின்னை வைத்திருக்கிறார். என் 300 வெள்ளி வங்கிக்குப் போகிறது.

வரும் தீமிதிக்கு அம்மாவை நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்துக்கு அழைத்துப் போகிறேன். கோயிலுக்குக் கடைசி ஒரு கிலோமீட்டர் செம்மண். என் வண்டியில் முன்சக்கரம் மட்டும்தான் இழுக்கும், மழை பெய்தால் அந்தச் சேற்றில் ஏறாது. தார்ச் சாலை முடியும் இடத்தில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து மச்சானின் ஹைலக்ஸ் பிக்கப்பில் போவதாக ஏற்பாடு. அதில் ஏற அம்மாவுக்கு ஒரு முக்காலி எடுத்துவைத்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.