பில் கவுன்ட்டர்ல உங்க நம்பர் என்ன விலைக்கு போகுது? பொள்ளாச்சி சந்தை துண்டுக்குள்ள இருக்கு பதில்!

வணக்கம் மக்களே! போன மாசம் அப்பாவுக்கு சுகர் பாக்குற ஸ்ட்ரிப் வாங்க ஒரு மெடிக்கல் போயிருந்தேன். காசை நீட்டுறேன், கவுன்ட்டர் தம்பி கையே நீட்டல, "நம்பர் சொல்லுங்கண்ணா, நம்பர் போட்டாதான் பில் வரும்"ங்கிறாரு. பின்னாடி நாலு பேர் நிக்கிறாங்க, சரின்னு சொல்லிட்டேன். மூணாம் நாள்ல இருந்து சுகருக்கு கேம்ப், சுகருக்கு இன்சூரன்ஸ்னு ஒரே போன்! அப்பாவுக்கு சுகர்னு எங்க சொந்தக்காரங்கள்ல பாதி பேருக்கே தெரியாதுங்க.

இதை ஃப்ரெண்ட்கிட்ட சொன்னா, "வியாபாரம்னா அப்படித்தான்டா, பிடிக்கலன்னா வேற கடைக்கு போ, இதுல கவர்மென்ட் எதுக்கு மூக்கை நுழைக்கணும்"னான். நானும் வியாபாரத்துக்கு எதிரி இல்ல. ஆனா இது வியாபாரமே இல்லன்னுதான் சொல்ல வர்றேன்.

பொள்ளாச்சி மாட்டுச்சந்தைல பாத்திருக்கீங்களா? துண்டைப் போட்டு மூடிக்கிட்டு உள்ள விரலைப் பிடிச்சே விலை பேசுவாங்க. ஒரு விரலை அழுத்துவாங்க, இவரு தலையாட்ட மாட்டாரு, இன்னொரு விரல் சேரும், வாயைத் திறந்து ஒரு வார்த்தை வராது, சுத்தி நிக்கிறவனுக்கு ஒண்ணும் புரியாது. ஆனா மாட்டுக்காரருக்கு தன் மாடு என்ன விலைக்கு போகுதுன்னு தெரியும், ஒத்து வரலன்னா கயித்தைப் பிடிச்சுக்கிட்டு போயிட்டே இருப்பாரு. நம்ம டேட்டா விஷயத்துல என்ன நடக்குதுன்னா, தரகரும் வாங்குறவனும் துண்டுக்குள்ள கை விட்டு பேசி முடிச்சிடுறாங்க, மாட்டுக்காரர் நீங்க டீ குடிச்சிட்டு இருக்கீங்க. மாடு போனதே தெரியாது!

துண்டை எடுத்தா என்ன ஆகும்னு நிஜமாவே பாத்துட்டாங்க. 2021 ஏப்ரல்ல ஆப்பிள், ஐபோன்ல ஒவ்வொரு ஆப்பும் "உங்களை மத்த ஆப்லயும் பின்தொடரலாமா"ன்னு நேரா கேக்கணும்னு வச்சாங்க. அவ்ளோதான், ஒரு கேள்வி. நிறைய பேர் வேண்டாம்னு அமுக்கிட்டாங்க, 2022-ல மட்டும் இதால சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் அடிவாங்கும்னு, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் நடத்தி விளம்பரத்துல சம்பாதிக்கிற மெட்டா கம்பெனியே சொல்லுச்சு. அடுத்து 2023 நவம்பர்ல அதே மெட்டா யூரோப்ல, விளம்பரம் வேண்டாம்னா வெப்ல மாசம் 9.99 யூரோ கட்டுங்கன்னு சொன்னாங்க. எனக்கு இது ரொம்ப பிடிச்ச இடம், ஏன்னா ஃப்ரீ ஃப்ரீன்னு சொன்ன சாமானுக்கு முதல் தடவையா விலைச்சீட்டு ஒட்டிட்டாங்க பாருங்க! காசு கட்டு இல்ல டேட்டா குடு, இதெல்லாம் ஒரு சாய்ஸான்னு யூரோப்பியன் கமிஷன் 2025 ஏப்ரல்ல 20 கோடி யூரோ அபராதம் போட்டது தனிக்கதை.

நம்ம நாட்டு சட்டம் வேகமா பாத்துடுவோம். 2017-ல சுப்ரீம் கோர்ட்ல 9 ஜட்ஜ் பெஞ்ச் பிரைவசி அடிப்படை உரிமைன்னு சொல்லிருச்சு, 2023-ல டேட்டா பாதுகாப்பு சட்டம், 2025 நவம்பர்ல விதிகள், கம்பெனிகளோட முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதுல இருந்து 18 மாசம் டைம். அந்த சட்டத்துலயே ஒரு உதாரணம் இருக்கு: ஆன்லைன்ல டாக்டர் பாக்குற ஆப் உங்க கான்டாக்ட் லிஸ்ட்டையும் கேக்குது, நீங்க ஓகே அமுக்கிட்டீங்க, ஆனாலும் வைத்தியத்துக்கு தேவையில்லாததால அந்த ஓகே செல்லாது. இது வியாபாரத்தை முடக்குறது இல்லங்க, எடைக்கல்லுக்கு முத்திரை வைக்கிற மாதிரி. ஆனா தன்னோட துறைகளுக்கு விலக்கு குடுத்துக்க அரசாங்கத்துக்கே அதிகாரம் வச்சிருக்காங்க, அது எனக்கு சுத்தமா பிடிக்கல.

அப்புறம், நம்பர் குடுத்தாதான் பொருள்னு கடைக்காரங்க அடம்பிடிக்கக் கூடாதுன்னு நுகர்வோர் துறை 2023 மே மாசமே சொல்லிருச்சு, இதை உங்க வீட்ல பெரியவங்களுக்கு இன்னைக்கே சொல்லுங்க, வீடியோவை ஃபேமிலி குரூப்ல போடுங்க.

நேத்து அதே மெடிக்கலுக்கு திரும்ப போனேன். "நம்பர் வேண்டாம் தம்பி"ன்னேன். ஒரு செகண்ட் என் மூஞ்சியப் பாத்தாரு, அப்புறம் பத்து தடவை 9-ஐ தட்டினாரு. பில் வந்துருச்சு.