முயல் ஈரல பாத்திட்டு சட்டிக்குள்ள போடுங்க

வணக்கம், காலையில ரேடியோவ போட்டுவச்சிட்டு அடுப்படியில நிக்கிற எல்லாருக்கும். இந்தத் தம்பி என்னைக் கூப்பிட்டது முயல் வளர்க்கிறதப் பத்திக் கதைக்கத்தான், கூடு எப்படி அடிக்கிற, என்ன தீன் போடுற எண்டு. அதெல்லாம் வெட்னரி ஒபிஸ்ல போய்க் கேட்டா என்னை விட வடிவா சொல்லித் தருவாங்க. எனக்குக் கதைக்க இருக்கிறது வேற விசயம், முயல அறுத்துத் தோல உரிச்சு இறைச்சிய வெட்டி எடுத்த பிறகு ஒரு வாழையிலையில சுத்தி வேலியோரமா நாய்க்கு வீசுறமே, அந்தச் சாமான்.

என்னைத் தெரியாத ஆக்களுக்கு, நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம். மிட்வைஃபா இருந்து பென்ஷன் எடுத்தவ. ஒரு காலம் குருமண்வெளியில பாதை ஏறி, அதான் ஆக்களையும் வண்டியையும் தண்ணியக் கடத்துற மிதவை, மண்டூர்ப் பக்கம் போய்ப் போய் வருவன், சைக்கிள பாதையில ஏத்தி, குடைய விரிச்சு, அந்தக் கதைய தொடங்கினா இந்தப் பதினைஞ்சு நிமிசமும் அதிலயே போயிரும். அங்க கிளினிக்குக்கு வாற பொம்பளப் புள்ளைகள்ட கண்ணைக் கீழ இழுத்துப் பாத்தா வெள்ளச் சீலை மாதிரி இருக்கும். ரத்தம் இல்ல. இரும்புக் குளிசை குடுப்பம், கீரை தின்னு புள்ள எண்டு சொல்லுவம், திரிபோஷ சத்துமா பக்கெட்டையும் குடுத்து அனுப்புவம். அதே வீட்டுக்குப் பின்னேரமா போனா கோழி ஈரல ஆம்புளைகளுக்குப் பொரிச்சு வச்சிருப்பாங்க, இவ சொதியோட தின்னுவா. எனக்கு அது இண்டைக்கும் மனசுல கிடக்கு.

சரி முயலுக்கு வாறன். ரெண்டு கிலோ வாற வளர்ப்பு முயல் ஒண்ட அறுத்தா ஈரல் 60, 70 கிராம் வரும். குண்டிக்காய், அதான் சிறுநீரகம், ரெண்டும் சேர்த்து ஒரு 15 கிராம் கிட்ட, இதயம் பெருவிரல் நுனியளவு தான். கையில வச்சுப் பாத்தா ஒரு பிடி கூட இல்ல, அதால தான் ஆரும் கணக்கெடுக்கிறல்ல. ஆனா அந்த ஒரு பிடிக்குள்ள இருக்கிற இரும்புச்சத்து, பி12, ஃபோலேட், விற்றமின் ஏ எல்லாம் தொடை இறைச்சியில தேடினாலும் அந்தளவுக்குக் கிடைக்காது. கீரையிலயும் இரும்பு இருக்கு, இல்லையெண்டு சொல்லல்ல, ஆனா கீரையில இருக்கிறத உடம்பு கஷ்டப்பட்டுத்தான் எடுக்கும், ஈரல்ல இருக்கிறத சுகமா எடுக்கும். பி12 எண்டா கீரையில இல்லவே இல்ல. இன்னொண்டு, இதெல்லாம் தின்னு முடிச்ச கையோட சாயத்தேத்தண்ணி குடிக்கிற பழக்கம் நம்மட ஆக்களுக்கு, அந்தச் சாயம் இரும்ப உடம்புக்குள்ள போக விடாம மறிக்கும். ஒரு மணித்தியாலம் பொறுங்க, தேத்தண்ணி எங்கயும் ஓடிப் போகாது.

முயல் இறைச்சி கொழுப்புக் குறைஞ்ச இறைச்சி, அதால நல்லதெண்டு எல்லாரும் சொல்றது சரி தான். ஆனா வட துருவப் பக்கம் சுத்தித் திரிஞ்ச ஸ்டெஃபான்சன் எண்ட ஆராய்ச்சிக்காரர் எழுதியிருக்கார், குளிர்காலத்தில வேற ஒண்டும் கிடைக்காம வெறும் முயல் இறைச்சிய மட்டும் தின்ற ஆக்கள் வயிறு முட்டத் தின்னும் பசி அடங்காம வயித்தால போய் வருத்தக்காரரா போனாங்க எண்டு. கொழுப்பு இல்லாததால வந்த வினை. நமக்கு அந்தப் பயம் இல்ல, நாம தேங்காய்ப்பால் விடாம எதைத்தான் காய்ச்சுறம்.

இப்ப முக்கியமான இடம். ஈரல சட்டிக்குள்ள போட முதல் கையில எடுத்து வெளிச்சத்துல பாருங்க, நான் இத ஒரு நாளும் விடுறல்ல. நல்ல முயல்ட ஈரல் கடும் சிவப்பு, மண்ணிறம் கலந்தது, மினுங்கும், விரலால தடவினா வழுவழுப்பா இருக்கும், ஓரம் கூரா இருக்கும். வெள்ளையா மஞ்சளா புள்ளி புள்ளியா, அரிசி ஒட்டினாப்போல, கட்டி கட்டியா இருந்தா அந்த ஈரல விட்டிருங்க. அது பொதுவா கொக்சிடியா எண்ட கிருமி பித்தக் குழாய்க்குள்ள இருந்து செய்யிற வேலை. குட்டி முயலுகள் வயிறு ஊதி மெலிஞ்சு சாகுமே, அதுக்கும் பல நேரம் இது தான் காரணம். அந்தக் கிருமி மனிசருக்குத் தொத்தாது எண்டாலும் வருத்தம் புடிச்ச ஈரல ஏன் தின்னுவான், வேற ஏதும் கிருமியாலயும் புள்ளி வரலாம், நாம என்ன மைக்ரஸ்கோப்பா வச்சிருக்கம். எங்கட பக்கத்து வளவு மச்சாள் ஒருக்கா அப்படி ஒரு ஈரல கொண்டு வந்து, "கா, புள்ளிய மட்டும் கீறி எடுத்திட்டுப் பொரிப்பமா" எண்டு கேட்டா. நான் சொன்னன் கீறி எடுக்கிறதுக்கு இது என்ன உருளைக்கிழங்கா, கொண்டு போய்த் தாட்டிட்டு முதல்ல கூட்டக் கழுவு, புழுக்கை படுற இடத்தில தீனைப் போடாத எண்டு. ரெண்டு நாள் என்னோட கதைக்கல்ல. மறுகா அவவே வந்து கம்பி வலை அடிச்ச கூடு எவ்வளவு முடியும் எண்டு கேட்டா, புழுக்கை கீழ விழுந்திடும், முயல் அதுக்கு மேல இருந்து திங்காது.

நாய்க் கதைக்கும் வாறன். வயித்துக்குள்ள கொழுப்புச் சவ்வில சில நேரம் பட்டாணி அளவுல தண்ணி நிறைஞ்ச முத்துக் கொத்து ஒட்டிக் கிடக்கும், கண்ணாடி மாதிரி. அது நாய்ட நாடாப்புழுட குஞ்சு. அத பச்சையா நாய்க்கு வீசினா நாய்ட குடல்ல புழுவா வளரும், நாய் போய்ப் புல்லுல இருக்கும், நாம அந்தப் புல்லையே அறுத்துக் கொண்டு வந்து முயலுக்குப் போடுவம், முயலுக்குள்ள மறுகாவும் முத்து வரும். அதாவது வேலியோரம் வீசுற அந்த வாழையிலைப் பொட்டலத்தால நாமளே நம்மட முயலுக்கு வருத்தம் வளர்க்கிறம். நாய்க்குப் போடுறதெண்டா அவிச்சுப் போடுங்க, முத்து கண்டதத் தாட்டுங்க.

முயலுக்கு மருந்து குடுத்திருந்தா டொக்டர் சொல்ற நாள் கணக்கு முடியுமட்டும் அறுக்காதீங்க, மருந்து ஈரல்லயும் குண்டிக்காயிலயும் தான் கூட நாள் நிக்கும். பூஞ்சணம் புடிச்ச சோளம் போடுற ஆக்களும் கவனம், அந்த நஞ்சு முதல்ல அடிக்கிறது ஈரலுக்குத்தான். மற்றது இந்த வெக்கையில அறுத்த சாமான மத்தியானம் வரைக்கும் மேசையில வச்சிருக்காதீங்க, ஈரல் இறைச்சிய விடக் கெதியா பழுதாகும், அண்டைக்கே சமைக்க ஏலாட்டி ஃப்ரிட்ஜ்ல வச்சு அடுத்த நாளோட முடிச்சிருங்க.

பிச்சு, அதான் பித்தப்பை. மீன் வெட்டுற பொம்பளைகளுக்கு இத சொல்லித்தரத் தேவையில்ல, ஆனா நான் முதல் முயல அறுத்த அண்டைக்கு எனக்கே மறந்து போச்சு. மூத்த மகள கட்டின புதுசு, மாப்பிள்ளை வந்திருக்கார், முயல் கறி காய்ச்சுறன் எண்டு வீராப்பா நிண்டு ஈரல இழுத்து எடுத்தன், ஈரலுக்குள்ள பச்சையா நீட்டுப் பயறு மாதிரி ஒரு பை ஒளிச்சுக் கிடந்தது, அது விரல்ல பட்டு உடைஞ்சு பச்சைத் தண்ணி வடிஞ்சுது, நானும் கழுவினாச் சரி தானே எண்டு அப்பிடியே எல்லாத்தையும் ஒண்டாப் போட்டுக் காய்ச்சிட்டன். கறி முழுக்கக் கசப்பு. மாப்பிள்ளை ஒண்டும் சொல்லாம ரெண்டு தரம் சோறு போட்டுத் தின்னார், மூண்டாந் தரம் தண்ணிச் செம்ப மட்டும் எடுத்தார். இப்பவும் முயல் எண்டா "மாமி, பிச்சு எடுத்தாச்சா" எண்டு தான் கேப்பார். அதால சொல்றன், அந்தப் பையைப் புடிச்சு இழுக்காதீங்க, அது ஒட்டிக் கிடக்கிற ஈரல்ல ஒரு சின்னத் துண்டையும் சேர்த்துக் கத்தியால வெட்டி எடுத்திருங்க, ஈரல் கொஞ்சம் போனாப் போகட்டும். உடைஞ்சிட்டா உடன கழுவி, பச்சை பட்ட இடத்தச் சீவி எறியிங்க.

குடல் என்னத்துக்காகும் எண்டு கேப்பீங்க. மாட்டுப் பாபத் மாதிரி இதக் கழுவித் தின்ன ஏலுமா எண்டா, நான் எடுக்கிறல்ல. முயல்ட வயித்துக்குள்ள பெரும் பகுதி ஒரு பெரிய பச்சைப் பை தான், அதுக்குள்ள புல்லு புளிச்சுக் கிடக்கும், சவ்வு மெல்லிசு. முயல் அதுல இருந்து வாற மெத்தப் புழுக்கைய விடியப்புறத்தில தானே திரும்பத் தின்னும், அதுக்கு அதுல சத்து இருக்கு, நமக்கு வேணாம். அறுக்கிறதுக்கு முதல் நாள் இரவு தீன நிப்பாட்டி தண்ணிய மட்டும் வைங்க, வயிறும் குடலும் கொஞ்சம் காலியா இருக்கும், வெட்டுறப்ப உடையிற பயம் குறைவு. நுரையீரல் சில பேர் போடுவாங்க, எனக்குப் பஞ்ச தின்னுற மாதிரி.

சமையல். ரெண்டு முயல்ட ஈரல், இதயம், குண்டிக்காய் சேர்த்தா ஒரு சின்னச் சட்டிக்குக் காணும். இதயத்தப் பொளந்து உள்ளுக்க இருக்கிற ரத்தக்கட்டியக் கழுவுங்க. குண்டிக்காய்ட மேல் தோல நகத்தால கிழிச்சா உரிஞ்சு வந்திடும், அதச் சுத்தி இருக்கிற வெள்ளைக் கொழுப்ப எறியாதீங்க, அத சட்டியில போட்டு உருக்கினா எண்ணெயே வேணாம். அந்தக் கொழுப்பில உள்ளி, இஞ்சி, ரம்பை, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், ரெண்டு பச்சைக் கொச்சிக்காய் போட்டு வதக்கி, முதல்ல இதயம், அதுக்குக் கொஞ்சம் தண்ணி தெளிச்சு மூடி ஒரு பத்து நிமிசம், பிறகு குண்டிக்காய், கடைசியாத்தான் ஈரல். எல்லாத்தையும் ஒண்டாக் கொட்டினா இதயம் ரப்பராவும் ஈரல் மண்ணாங்கட்டியாவும் தான் வரும். மஞ்சளும் மிளகும் போட்டுப் பிரட்டின ஈரல் துண்டு சூட்டுச் சட்டியில பட்டதும் ஓரம் சாம்பல் நிறமா மாறும், சின்னச் சின்ன ரத்தத் துளி மேல பூக்கும், அப்பத் திருப்புங்க. மற்றப் பக்கமும் ரெண்டு மூண்டு நிமிசம். பெரிய துண்டா ஒண்ட எடுத்து வெட்டிப் பாருங்க, உள்ளுக்கு சிவப்புத் தண்ணி வரக்கூடாது, ஆனா ஈரப்பசை இருக்கவேணும், அந்த நேரத்தில இறக்கிருங்க. பிரான்ஸ் பக்கம் நடுவுல றோஸ் நிறமா விட்டுத் தின்னுவாங்களாம், நாம அவ்வளவு தூரம் போகத் தேவையில்ல, அமெரிக்காவில முயலுக்கு 71 டிகிரி சூடு உள்ளுக்குப் போகவேணும் எண்டு கணக்கு வச்சிருக்காங்க. உப்பும் தேசிக்காயும் இறக்கினாப் பிறகு. புட்டோட நல்லா இருக்கும், உறைப்பு வேணாத புள்ளைகளுக்கு மிளகு, கொச்சிக்காயக் குறைச்சு கடைசியில கட்டிப்பால் விட்டு ஒரு கொதி, அவ்வளவு தான்.

ஆருக்கு வேணாம் எண்டத என்ட பழைய வேலைக்காகவாவது சொல்லோணும். வயித்துல புள்ளை இருக்கிற ஆக்கள் ஈரல் தின்ன வேணாம். நான் தொடக்கத்தில அவ்வளவு ரத்தக்கதை கதைச்சது அவங்களப் பத்தித்தானே எண்டு யோசிப்பீங்க, ஆனா ஈரல்ல இருக்கிற விற்றமின் ஏ கூடினா கருவில இருக்கிற புள்ளைக்கு ஊனம் வரலாம், கரட்டுல, பப்பாசிப்பழத்துல இருக்கிறது வேற மாதிரி, உடம்பு தனக்குத் தேவையானத மட்டும் தான் மாத்தி எடுக்கும், ஈரல்ல இருக்கிறது நேரா ரெடிமேட்டா போகும். பிரித்தானியாவிலயும் கர்ப்பிணிகளுக்கு ஈரல் வேணாமெண்டு தான் சுகாதாரத்துறை சொல்றது. அதால புள்ளை தங்க முதல் தின்னு ரத்தத்த ஏத்தி வச்சுக் கொள்ளுங்க, தங்கின பிறகு குளிசை போடுங்க. யூரிக் அசிட் கூடிக் கால் பெருவிரல் வீங்கிற ஆக்கள், தலசீமியாவுக்கு ரத்தம் ஏத்துற புள்ளைகள், அவங்களுக்கும் வேணாம். கொலஸ்ட்ரோல் கூடின ஆக்கள் டொக்டரக் கேட்டுச் செய்யிங்க. மற்ற ஆக்கள் கிழமைக்கு ஒருக்கா, ஒரு ரெண்டு மூண்டு துண்டு, அதுக்கு மேல எனக்கும் உங்களுக்கும் தேவையில்ல. வீட்டில ஈரல் கொஞ்சமாத்தான் வருதெண்டா முதல்ல மாதம் மாதம் ரத்தம் போற பொம்பளப் புள்ளைட கோப்பையில போடுங்க.

தம்பி கையக் காட்டுறார், நேரம் முடியுதாம். ஒண்டு சொல்லிட்டு எழும்புறன். முயலுக்கு ஒரு ஈரல், அத வெட்டி எத்தனை பேருக்கும் பங்கு வைக்கலாம். ஆனா குண்டிக்காய் ரெண்டு தான் இருக்கு, எனக்குப் பேரப்புள்ளைகள் மூண்டு பேர். போன ஞாயித்துக்கிழமை அந்தச் சண்டையில ஒரு கோப்பை உடைஞ்சு போச்சு, இந்த ஞாயிறு ரெண்டாவது முயலையும் சேர்த்து அறுக்கச் சொல்லி வச்சிருக்கன். நாலாவது குண்டிக்காய் எனக்கு. வாறன்.